ஜாதி நாய் ஒண்ணும் பண்ணாது

அது வருவதை முதலில் பார்த்தது என் நாய் பொரிதான். என் கையிலிருந்த கயிறு சட்டென்று கனத்தது. நிமிர்ந்து பார்த்தேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் கரையேற்றிப் போட்டிருந்த படகுகளுக்கு நடுவில் புகுந்து, ஒரு பெரிய கறுப்பு நாய் மணலை வாரி இறைத்தபடி எங்களை நோக்கி ஓடி வந்தது. கழுத்தில் பட்டை இருந்தது. பட்டையில் கயிறு இல்லை.

மழை விட்டு ஓரிரு நாள் ஆன காலை. மணல் இன்னும் ஈரமாக இருந்தது, செருப்பில் அப்பிக்கொண்டு கூடவே வந்தது. மீன் வாடை தூக்கலாக அடித்தது.

நாய்க்கு வெகு தூரம் பின்னால் அதன் சொந்தக்காரர் வந்தார். முட்டி வரைக்கும் கால்சட்டை, வெள்ளை ஷூ, கழுத்தில் ஒரு டவல், காதில் போன். பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டையர் ஆனவர் என்று அங்கே நடக்க வருகிறவர்கள் சொல்வார்கள். போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே இன்னொரு கையைத் தூக்கிக் காட்டினார்.

“பயப்படாதம்மா. ஜாதி நாய், ஒண்ணும் பண்ணாது.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அது பொரியின் காதைக் கவ்விவிட்டது.

பொரி கத்திய கத்தலை எழுதிக் காட்ட முடியாது. நான் நடுவில் விழுந்தேன். இரண்டு நாய்கள் சண்டை போடும்போது நடுவில் கையை விடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். தெரிந்தும் விழுந்தேன். தண்ணீர் பாட்டிலால் அதன் மூக்கில் அடித்தேன், அடித்த கையில் பல் கீறியது. பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண் வாளித் தண்ணீரை அதன் மூஞ்சியில் வீசிய பிறகுதான் அது பிடியை விட்டது.

சொந்தக்காரர் ஒரு வழியாக வந்து சேர்ந்தார். முதலில் குனிந்து, தன் நாய்க்கு எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஊசி போட்டிருக்கிறதா?

“ஜாதி நாய்மா. அதுக்கெல்லாம் அந்த நோய் வராது” என்றார். அப்புறம் காதில் ரத்தம் வழிய நின்ற பொரியைப் பார்த்தார். “தெரு நாய்க்குக் கயிறு கட்டிட்டா மட்டும் ஜாதி நாயா ஆயிடுமா?”

எனக்கு வாய் ஜாஸ்தி. இந்தத் தொடரை இத்தனை வாரமாகப் படித்து வருகிறவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தவள், டாக்டர்களிடமே நேருக்கு நேர் பேசினவள். அன்றைக்கு அந்த மனுஷரிடம் எனக்கு ஒரு சொல் வரவில்லை. புடவைத் தலைப்பால் பொரியின் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோ தேடிப் போனேன்.

பொரி வந்த கதை

ஓர் ஆயுத பூஜைக்கு மறுநாள். எங்கள் தெருமுனை மெக்கானிக் கடை வாசலில் பூசணிக்காய் உடைந்து கிடந்தது, அதைச் சுற்றிப் பொரி சிந்திக் கிடந்தது. கைப்பிடி அளவு ஒரு குட்டி அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. பூசணிக்காயில் தடவியிருந்த குங்குமம் அதன் மூக்கெல்லாம் அப்பியிருந்தது. நான் கடந்து போனேன். குட்டி பின்னாலேயே வந்தது. அவ்வளவுதான் கதை.

பொரியை ‘அது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ‘அவள்’ என்றே எழுதுகிறேன். ஆட்சேபணை இருப்பவர்கள் ஆசிரியருக்குக் கடிதம் போடலாம்.

எங்கள் வீட்டுக்காரர் வாத்தியாராக இருந்தவர். கோபமே வராத மனுஷர். எந்த அக்கிரமத்துக்கும் அவரிடம் ஒரே மருந்துதான், “உடு.” பால்காரன் தண்ணீர் ஊற்றினால் உடு. பக்கத்து வீட்டுக்காரர் சுவரை நம் பக்கம் தள்ளிக் கட்டினால் உடு. பொரிக்கு ராத்திரியில் பாதி தோசை ரகசியமாகப் போடுவார், ஆனால் அவளோடு தெருவில் நடக்க மாட்டார். கயிற்றைக் கையால் தொட்டதில்லை. நாலு பேர் பார்ப்பார்களாம்.

ஆகவே காலை நடை என் பங்கு. வேலையில் இருந்த காலமெல்லாம் என் விடியல்கள் டூட்டி மாற்றுவதிலேயே போயின. நான் சூரியன் உதித்துப் பார்த்ததே ஓய்வு பெற்ற பிறகுதான். கடலைப் பார்த்தபடி அவளும் நானும் நடக்கிற அந்த ஒரு மணி நேரத்தை யாருக்காகவும் நான் விட்டுக் கொடுத்ததில்லை.

அந்தக் கறுப்பு நாய் அதைப் பறித்துவிட்டது. காதில் தையல் போட்டது ஆறிவிட்டது, பொரிதான் வாசற்படி தாண்டவில்லை. கயிற்றை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். முன்பெல்லாம் அந்தக் கயிற்றின் கொக்கிச் சத்தம் கேட்டால் வீட்டையே இரண்டாக்குவாள்.

ஊசி அறையில் கேட்டது

நான் பல வருஷம் இருந்தது ஊசி போடுகிற அறை. காலையில் கதவைத் திறக்கும்போதே வெளியே நாய்க்கடி வரிசை நிற்கும். அந்த வரிசையில் நான் அதிகம் கேட்டது, ‘வலிக்குமா சிஸ்டர்’ கூட இல்லை. ‘தெரிஞ்ச நாய்தான் சிஸ்டர், ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாங்க.’

கையைக் காட்டுவார்கள். கெண்டைக்காலைக் காட்டுவார்கள். ஒருவர் உட்கார முடியாத இடத்தைக் காட்டினார். எல்லாம் ஒண்ணும் பண்ணாத நாய்கள் பண்ணியது.

அப்படி வரிசையை அதட்டி நிற்க வைத்தவள், இந்தக் கீறலுக்காக அதே வரிசையில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் நர்ஸாக வந்த பெண், “நீங்களா சிஸ்டர்?” என்று வாயைப் பிளந்தாள். நானும் அதே பாட்டைத்தான் பாடினேன்: ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாங்கம்மா. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கு எரிந்தது.

ஜாதி நாய்க்கு வெறிநோய் வராதாம். எவன் சொன்னான்? வைரஸ் என்ன, கடிப்பதற்கு முன்னால் சர்ட்டிபிகேட் கேட்குமா? படித்தவர், பத்துப் பேருக்கு உத்தரவு போட்டவர், கடற்கரையில் நின்றுகொண்டு கூசாமல் சொல்கிறார்.

தெருவில் நாயோடு நடந்து பாருங்கள், அப்போது தெரியும் நம் ஜனங்களின் லட்சணம். பைக்கில் போகிற பையன்கள் வேண்டுமென்றே பக்கத்தில் வந்து ஹாரன் அடிப்பார்கள். ஒருத்தன் ‘லொள் லொள்’ என்று குரைத்துவிட்டுப் போவான், தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவோ. மனுஷனுக்கே சோறு இல்லாத நாட்டில் நாய்க்குப் பிஸ்கட்டா என்று கேட்பவர், தன் வாழ்நாளில் எவனுக்கும் சோறு போட்டிருக்க மாட்டார். இதையெல்லாம் நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன்.

ஒரே ஒரு கேள்வியைத்தான் விட முடியாது. “என்ன ஜாதி நாய் இது?”

நம் ஊரில் நாய்க்கும் ஜாதி உண்டு. கடையில் காசு கொடுத்து வாங்கினால் ஜாதி நாய். மற்றதெல்லாம் தெரு நாய். ஓர் உயிருக்கு அது பிறந்த தெருவை வைத்து மதிப்புப் போடுகிற இந்தக் கணக்கு எனக்குப் புதிது இல்லை. அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

“மேல்பட்டாம்பாக்கத்துல எங்க?”

கல்யாணமான புதிதில் என் கணவருக்குச் சிதம்பரத்தில் வேலை. எனக்கும் அங்கேயே மாற்றல் கிடைத்தது. வீடு தேடினோம். வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி காலி என்றார்கள். மாடியில் ஏறினால் கோபுரம் தெரிந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. எனக்கு அடுப்பை எங்கே வைப்பது என்பது வரைக்கும் மனசுக்குள் முடிவாகிவிட்டது.

வீட்டுக்கார அம்மா உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். அந்தக் காலத்தில் வசதியானவர்கள் வீட்டில் வெள்ளையாகப் புசுபுசுவென்று ஒரு நாய் இருக்குமே, அது அங்கேயும் இருந்தது. நேரே வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தது. “ஜாதி நாய். ஒண்ணும் பண்ணாது” என்று சிரித்தார் அம்மா. நல்ல சிரிப்புதான்.

வீட்டுச் சொந்தக்காரர் என் கணவரிடம் எந்த ஊர் என்று கேட்டார். மேல்பட்டாம்பாக்கம் என்றார் இவர். எனக்கும் அதே ஊர், அதே தெரு. இவர் எனக்கு மாமா மகன்.

“மேல்பட்டாம்பாக்கத்துல எங்க?”

வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த ‘எங்க’வுக்கு அர்த்தம் தெரியும். விலாசம் கேட்கிற ‘எங்க’ இல்லை அது. இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மெயின் ரோட்டுப் பக்கம்” என்றார்.

மெயின் ரோட்டில் எங்கே, கோயிலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, இன்னார் வீடு தெரியுமா என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். இவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. அம்மா எழுந்து வந்து என் மடியிலிருந்து நாயைத் தூக்கினார். “வாடா, குளிக்கற நேரமாச்சு.”

விளக்கு வைக்கிற நேரம் அது. விளக்கு வைக்கிற நேரத்தில் எவராவது நாயைக் குளிப்பாட்டுவார்களா?

சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் பொருமிக்கொண்டே நடந்தேன். இவர் சொன்னது ஒன்றுதான். “உடு. நம்மள ஒண்ணும் பண்ணலியே.”

அஷ்டமிக்கு மட்டும் பைரவர்

எங்கள் மகள் இப்போது அதே சிதம்பரத்தில் வேலை பார்க்கிறாள். சொந்தமாக வீடு வாங்கிவிட்டாள், யாரும் அவளை எங்கே என்று கேட்கவில்லை. பொரியை இங்கே அழைத்துவா, இடம் மாறினால் பயம் தெளியும் என்றாள். காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் என் முழங்கையில் மூக்கை நுழைத்துக்கொண்டு நடுங்கினாள்.

முதல் இரண்டு நாள் படியிறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பூனையைப் பார்த்துத் தன்னை மறந்து தெருவுக்கு வந்துவிட்டாள். அந்தச் சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

சிதம்பரத்தில் தெருவுக்கு ஒரு நாய்க் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் எல்லை உண்டு. அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தூரத்தில் தலை தூக்கிப் பார்த்தால் நேரே போகக் கூடாது, வளைந்து போக வேண்டும். கயிற்றை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நம் பயம் கயிறு வழியாகத்தான் நாய்க்குப் போகிறது. ஓடக் கூடாது, முறைக்கக் கூடாது. நம் நாய்க்கும் அவற்றுக்கும் நடுவில் நம் உடம்பு இருக்க வேண்டும். மீறி வந்தால் குனிய வேண்டும். கல் வேண்டாம், குனிந்தாலே போதும். அந்தக் குனிதலை அறியாத நாய் தமிழ்நாட்டில் இல்லை, பாவம்.

நாய்களைக் கூடச் சமாளித்துவிடலாம். அஷ்டமிக்காரர்களைச் சமாளிப்பதுதான் பாடு. மகள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒருவர். தேய்பிறை அஷ்டமி அன்று பயபக்தியோடு இலையில் தயிர் சோறு கொண்டுவந்து தெருமுனையில் வைப்பார். பைரவருக்குப் போடுகிறாராம், ஜாதகத்தில் ஏதோ தோஷமாம். ஊர் நாயெல்லாம் கூடும். அடுத்த நாள் அதே நாய்கள் நம்பிக்கையோடு அவர் வாசலில் போய் நின்றால் செருப்பைக் கழற்றி வீசுவார். ஒரு நாள் வீசிய செருப்பு பொரியின் பக்கத்தில் வந்து விழுந்தது.

நேற்று பைரவராக இருந்தவர் இன்று எப்படிச் சனியன் ஆனார் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வெளியூரா?” என்றார். நான் அவர் செருப்பைப் பொரியிடம் காட்டினேன். அவள் அதைக் கவ்விக்கொண்டு நடந்தாள். அவர் பின்னாலேயே ஒற்றைச் செருப்போடு வந்தார். அன்றைக்குத்தான் பொரியின் வால் மறுபடி மேலே ஏறியது.

ஒரு சாயங்காலம் அவள் போக்கில் விட்டு நடந்ததில் வடக்கு வீதிக்குப் பின்னால் வந்துவிட்டோம். அந்தச் சந்து, அந்த வீடு. மாடிக்கு மேலே இன்னொரு மாடி கட்டியிருந்தார்கள். கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை. இப்போது அங்கே யார் இருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. பொரி அந்தப் பலகைக்குக் கீழே நின்றாள். நன்றாக முகர்ந்து பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், ஒன்றுக்குப் போனாள்.

மற்ற வீட்டு வாசல் என்றால் கயிற்றைச் சுண்டி இழுத்திருப்பேன். அன்றைக்கு அவள் முடிக்கிற வரைக்கும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கயிறு

தைப் பனி கொட்டுகிற ஒரு காலையில் மறுபடி தேவனாம்பட்டினத்துக்குப் போனோம். எங்கள் வீட்டுக்காரரும் வந்தார். அவராகவே ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், நான் ஒன்றும் கேட்கவில்லை. பத்தடி தள்ளி, யாரோ எவரோ மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

படகுகள் வரைக்கும் பொரி நன்றாகத்தான் வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மணலை முகர்ந்தாள். கயிறு கனத்தது. எனக்குப் பார்க்காமலே தெரிந்தது.

அதே நாய், அதே ஓட்டம். வெகு பின்னால் அதே மனுஷர், அதே போன். இத்தனை நடந்த பிறகும் அந்த மனுஷர் ஒரு முழம் கயிறு வாங்கவில்லை. என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

பொரியை எனக்குப் பின்னால் தள்ளினேன். காலை அகட்டி நின்று, உள்ளங்கையை அந்த நாய்க்கு நேரே நீட்டி, வார்டில் கடைசிக் கட்டில் வரை கேட்கிற குரலில் “நில்லு” என்றேன். அது நின்றுவிட்டது. அதன் ஜென்மத்தில் யாரும் அதனிடம் அப்படிச் சொன்னதில்லை போல. குழம்பிப் போய் என் கையையும் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தது. சும்மா சொல்லக் கூடாது, அழகான நாய். அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அவர் கையைத் தூக்கினார். “ஜாதி நாய்மா, ஒண்ணும்...”

“அது ஒண்ணும் பண்ணாது சார்” என்றேன். “நான் பண்ணுவேன். நாயைப் புடிங்க.”

நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அன்றைக்கு வாளித் தண்ணீர் வீசிய பெண் இன்றைக்கும் வாளியோடு எழுந்து நின்றார். நாயின் சொந்தக்காரர் போனை அணைத்தார். கிட்ட வந்து, கழுத்திலிருந்த டவலை உருவி, நாயின் பட்டையில் நுழைத்துப் பிடித்துக்கொண்டார். மூஞ்சி சிவந்துவிட்டது. என்னிடம் பேசுவதை விட்டு, எனக்குப் பின்னால் வந்து நின்ற எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். குரலில் மரியாதை வந்துவிட்டது.

“சாருக்கு எந்த ஊரு?”

“மேல்பட்டாம்பாக்கம்.”

“மேல்பட்டாம்பாக்கத்துல எங்க?”

எத்தனை வருஷம் ஆனாலும் அந்த ‘எங்க’ மாறவில்லை. இவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கப் போகிறார், மெயின் ரோட்டுப் பக்கம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

இவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“காலனி” என்றார், வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி. “நாய்க்குக் கயிறு வாங்குங்க சார்.”

எங்கள் வீட்டுக்காரர் என் கையிலிருந்து பொரியின் கயிற்றை வாங்கினார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “வா, போவலாம்” என்றார். என்னிடம் சொன்னாரா பொரியிடம் சொன்னாரா தெரியவில்லை. அவள் முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால் போனோம்.